மாடல்: மாதிரியா, மாதிரியுருவா?

இலத்தீனில் 'மோடுஸ்' என்றால் அளவு. 'மோடுலுஸ்' என்றால் சிற்றளவு. அதிலிருந்து இத்தாலிய 'மொதெல்லோ' பிறந்து, பிரெஞ்சு வழியே ஆங்கிலத்தில் 'மாடல்' ஆயிற்று.

இன்று துறைக்கொரு மாடல் இருக்கிறது. உயிரியலாளருக்கு அது ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் சுண்டெலியோ பழ ஈயோ. பயன்முறைக் கணிதருக்கு, ஒன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று சொல்லும் வகைக்கெழுச் சமன்பாடுகளின் தொகுப்பு. புள்ளியியலாளருக்குத் தரவு எந்த நிகழ்தகவுப் பரவலிலிருந்து வந்திருக்கும் என்ற கருதுகோள். தற்செயல் வேறுபாட்டைக் குறிக்கும் பிழை உறுப்பு அதில் பெரும்பாலும் இருக்கும். மூவரும் கூடி வேலை செய்யும்போது "மாடல் சரியாக இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், எதை என்று கேட்டே ஆகவேண்டும்.

தமிழில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளரின் அணு விளக்கத்தைப் 'போர் அணு மாதிரி' என்று பள்ளியில் படிக்கிறோம். ஆய்வுக்குரிய மொத்தமான முழுமைத்தொகுதியிலிருந்து எடுக்கும் பகுதியையும் 'மாதிரி' என்கிறோம். அப்படியானால் 'மாதிரிப் பிழை' எது? கூறெடுப்பால், அதாவது ஒரு பகுதியை மட்டும் எடுப்பதால், வரும் பிழை, எடுக்கும் எண்ணிக்கையை நான்கு மடங்காக்கினால் பாதியாகும்: கருத்துக்கணிப்பில் 400 பேரைக் கேட்டால் ஏறக்குறைய 5 சதவீதப் புள்ளி, 1,600 பேரைக் கேட்டால் 2.5. சமன்பாடே தவறானால் வரும் பிழை, லட்சம் பேரைக் கேட்டாலும் குறையாது. மருந்தே வேறான இரண்டு நோய்களுக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறோம்.

சமன்பாடே தவறாவதற்கு நல்ல எடுத்துக்காட்டு பம்பாய் பிளேக். எடின்பரோவில் வேதியியலாளர் கெர்மாக்கும், முன்பு இந்திய மருத்துவப் பணியில் இருந்த மருத்துவர் மெக்கென்ட்ரிக்கும் 1927-இல் தொற்றுநோய்ச் சமன்பாடுகளை வெளியிட்டனர். மக்களைத் தொற்றக்கூடியவர், தொற்றியவர், குணமாகியோ இறந்தோ நீங்கியவர் என மூன்றாகப் பிரிப்பது அதன் எளிய வடிவம். 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரையிலான பம்பாயின் வாராந்தர இறப்புகளோடு அவர்களின் வளைகோடு அழகாகப் பொருந்தியது. ஆனால் அந்தப் பிளேக் முதலில் எலிகளின் நோய். தெள்ளுப்பூச்சி வழியே மனிதருக்கு வந்தது. ஆளிலிருந்து ஆளுக்குப் பரவுவதாகக் கொண்ட சமன்பாட்டில் எலியும் இல்லை, தெள்ளும் இல்லை. வளைகோடு பொருந்துவதால் மட்டும் காரணம் சரியென்று ஆகிவிடாது.

இங்கேதான் ஒருவர் கணக்கை இன்னொருவர் தாங்கவேண்டியிருக்கிறது. தொற்றின் தொடக்க வளர்ச்சி நாளுக்கு 0.2 என்று தரவு காட்டுகிறது என்போம். அது பரவல் வீதத்துக்கும் நீங்கல் வீதத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. பரவல் 0.5, நீங்கல் 0.3 என்றாலும் 0.2 வரும், பரவல் 0.3, நீங்கல் 0.1 என்றாலும் 0.2 வரும். முதலாவதில் ஒரு நோயாளி சராசரியாக 1.7 பேருக்குத் தொற்றவைப்பார், இரண்டாவதில் 3 பேருக்கு. எது உண்மை என்பதைத் தொடக்க எண்ணிக்கையை எவ்வளவு சேர்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஒருவர் ஏறத்தாழ 3 நாள் தொற்றைப் பரப்புகிறாரா, 10 நாளா என்று மருத்துவர் சொன்னால் விடை கிடைக்கும். அந்த விடையில் எவ்வளவு ஐயம் மிஞ்சுகிறது என்பதைப் புள்ளியியலாளர் சொல்லவேண்டும்.

எனவே எங்கள் பரிந்துரை: மாடலுக்கு இலங்கையில் வழங்கும் 'மாதிரியுரு'. உரு என்ற பகுதி, இது நாம் வனைந்தது என்பதை நினைவூட்டுகிறது. புள்ளியியல் பொருளுக்குக் 'கூறு'. 'கூறெடுப்பு' தமிழகப் பாடநூல்களில் ஏற்கெனவே இருக்கிறது. அப்போது கூறெடுப்புப் பிழை, மாதிரியுருப் பிழை என்று இரண்டும் தனித்தனியே நிற்கும். சுண்டெலிக்கு 'மாதிரி உயிரி' போதும், அங்கே குழப்பமில்லை. மேலே கண்ட பரவல் வீதம் போன்ற அளவுகளைக் குறிக்கும் 'பாராமீட்டர்' என்பதற்குக் கணித நூலில் 'துணையலகு', புள்ளியியல் நூலில் 'பண்பளவை' என்று இரண்டு சொற்கள் உண்டு. கூட்டு ஆய்வுக் குறிப்பில் ஒன்றை மட்டும் எடுத்து, முதல் பக்கத்திலேயே பொருளும் அலகும் எழுதிவிடுங்கள். நாளுக்கு 0.3 என்பதை வாரத்துக்கு 0.3 என்று ஒருவர் படித்துவிட்டால் கணக்கு ஏழு மடங்கு தவறும்.