தூபம் போகும் வழியில் மூச்சும் போகும்

தமிழ்நாடு-கேரள எல்லையில், களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் கிறிஸ்தவக் கோயில் திருவிழாப் பூசைக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். பீடத்தருகே தூபக்கலசத்தை நாலு தடவை ஆட்டுவார்கள். ஜன்னல் வழியே சாய்ந்து விழும் வெயிலில் புகை சுருண்டு ஏறும். பாட்டு முடிவதற்குள் கடைசி பெஞ்சு வரைக்கும் வந்துவிடும். கொரோனா காலத்தில் நாம் உற்றுப் பார்த்திருக்க வேண்டியது அந்தப் புகையைத்தான்.

மூச்சிலும் பேச்சிலும் பல அளவுத் துளிகள் வெளியேறுகின்றன. 100 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளி சில நொடிகளில் தரையில் விழுந்துவிடும். 5 மைக்ரான் துளி, அசையாத காற்றில் ஆள் உயரத்திலிருந்து இறங்க அரை மணி நேரம் ஆகும். 1 மைக்ரான் துளிக்குப் பன்னிரண்டு மணி நேரம். அப்படியென்றால் அது புகையேதான். தரையில் ஆறடிக்கு ஒன்றாக நாம் வரைந்த வட்டங்கள் பெரிய துளிகளைத் தடுத்தன, பக்கத்து ஆளின் மூச்சின் அடர்த்தியையும் குறைத்தன. கூடம் முழுக்க மிதப்பதை அவை ஒன்றும் செய்யவில்லை.

2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மவுண்ட் வெர்னான் ஊர்க் கோயில் ஒன்றின் கூடத்தில் 61 பேர் இரண்டரை மணி நேரம் பாட்டுப் பயிற்சி செய்தார்கள். ஐயத்துக்குரியவர்களையும் சேர்த்து 53 பேருக்கு நோய், இருவர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் நம் மத்திய அரசு வழிபாட்டிடங்களைத் திறக்க அனுமதித்தபோது, பாடகர் குழு வேண்டாம், பதிவு செய்த பாடல் போதும் என்றது. கேரளப் பக்கம் அந்த ஜூனிலேயே அனுமதி கிடைத்தது. தமிழ்நாட்டில் எல்லாக் கோயில்களும் திறக்க செப்டம்பர் 1 ஆயிற்று. நடுவில் ஒரு செக்போஸ்ட்தான்.

பாட்டைத் தடுத்ததில் நியாயம் உண்டு. ஆனால் குற்றவாளி ராகம் அல்ல, சத்தம். பிரிட்டனில் பாடகர்களை வைத்து அளந்தபோது, மெல்லிய குரலிலிருந்து உச்சக் குரலுக்குப் போனதும் வெளியேறும் நுண்துளிகளின் மொத்த எடை 20 முதல் 30 மடங்கு கூடியது. ஒரே அளவு சத்தத்தில் பாட்டுக்கும் பேச்சுக்கும் அவ்வளவு வித்தியாசம் இல்லை. எனவே மைக்கைக் கூட்டி, தொண்டையைக் குறைப்பது நல்லது. பிரசங்கத்துக்கும் இது பொருந்தும்.

அடுத்தது கூடத்தின் கொள்ளளவு. 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் என்றால் 1200 கன மீட்டர் காற்று. ஒருவர் மணிக்கு அரை கன மீட்டர் மூச்சு விடுகிறார். 150 பேர் கதவடைத்து ஒரு மணி நேரம் இருந்தால், அந்தக் காற்றில் நூற்றுக்கு ஆறு பங்கு யாரோ ஒருவர் விட்ட மூச்சு. கூரையை 3 மீட்டருக்கு இறக்குங்கள், பன்னிரண்டு பங்காகிவிடும். உயர்ந்த ஓட்டுக் கூரையும் எதிரெதிர் ஜன்னல்களும் உள்ள பழைய கோயில்களைப் பார்க்கும்போது எனக்கு மரியாதை வருகிறது. சூடான மூச்சுக்காற்று மேலேறி ஓட்டு இடுக்கு வழியே வெளியேறிவிடும். அந்தக் கூரைக்கு அடியில் பால்ஸ் சீலிங் போட்டு, ஜன்னலை அடைத்து ஏசி மாட்டுவதைப் பார்த்தால் மனம் கேட்பதில்லை. சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளே இருப்பதையே குளிராக்கித் திருப்பித் தருகிறது.

மின்விசிறியும் அப்படித்தான், காற்றைக் கலக்கும், மாற்றாது. ஆனால் ஒரு பெடஸ்டல் பேனை ஜன்னலருகே வெளிப்பக்கம் பார்த்து வைத்து, எதிர்ச்சுவர்க் கதவைத் திறந்துவிட்டால் அது காற்றை மாற்றத் தொடங்கும். போதுமா என்று அறிய, நாம் மூச்சில் விடும் கரியமில வாயுவை அளக்கும் மீட்டர் உதவும். வெளியே சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு, காட்டும். உள்ளே 800 காட்டினால், நாம் இழுக்கும் மூச்சில் நூற்றில் ஒரு பங்கு ஏற்கெனவே பிறர் நுரையீரலுக்குள் போய் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பூசை வைக்கும் பங்குக் கோயில்களுக்கு ஒரு கணக்கு. கூடத்துக் காற்று மணிக்கு ஆறு தடவை மாறினால், மிதக்கும் துளிகளில் 99 சதவீதம் வெளியேற 46 நிமிடம் ஆகும். முதல் பூசைக்கு வந்தவர்கள் முற்றத்துக்கு இறங்கிய பிறகு, எல்லாக் கதவும் திறந்தபடி, அடுத்த மணி அடிக்கும்வரை அந்த முக்கால் மணி நேரத்தைக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும்.