பம்பு இல்லாமல் கோட்டை ஏறிய தண்ணீர்

ஜப்பானின் கனாசாவா ஊரில் 1632-இல் ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். பிற்பாடு அதன் தண்ணீர் அகழிப் பள்ளத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் கோட்டை மேட்டின் மேல் ஏறியது. பம்பு கிடையாது, ஏற்றம் கிடையாது. இது எப்படி நடந்தது என்று புரிய வேண்டுமானால், முதலில் அந்த ஊரின் நிலத்தைப் பார்க்க வேண்டும்.

மலையிலிருந்து சாய், அசானோ என்று இரண்டு ஆறுகள் ஜப்பான் கடலை நோக்கி ஓடுகின்றன. இரண்டுக்கும் நடுவே நாக்கை நீட்டியதுபோல் ஒரு நீண்ட மேடு. அதன் பெயர் கோதட்சுனோ. நாக்கின் நுனியில் இருக்கிறது கோட்டை. இரு பக்கமும் ஆறு, முன்னால் சமவெளி. எதிரி சுலபமாக வரக்கூடிய வழி, மேடு மலையோடு சேரும் தென்கிழக்குப் பக்கம்தான். அதனால் அங்கே குறுக்காக ஆழமான அகழி வெட்டி நுனியைத் தனியாகப் பிரித்தார்கள்.

1583-இல் மாயேதா தோஷியியே என்ற பிரபு இங்கே வந்தார். அவர் வம்சத்தின் காகா நாடு, பத்து லட்சம் கோகுவுக்கு மேல் நெல் வருமானம் காட்டிய நாடு. ஒரு கோகு என்பது ஓர் ஆள் ஒரு வருஷம் சாப்பிடும் அரிசி என்று வைத்துக்கொள்ளலாம். நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனுக்கு அடுத்தபடி ஜப்பானிலேயே பெரிய பிரபு மாயேதாதான். அடிவாரத்தில் வளர்ந்த ஊரை ஜோகாமாச்சி என்பார்கள். கோட்டைக்குக் கீழே உள்ள ஊர் என்று பொருள். சாமுராய் வீடுகள் ஒரு பக்கம், வணிகர் தெருக்கள் ஒரு பக்கம், ஆறுகளுக்கு அப்பால் கோயில்கள் கூட்டம் கூட்டமாக.

எல்லாம் மரவீடு. 1631-இல் பெருந்தீ ஊரையும் கோட்டையையும் தின்றது. ஆறுகள் இரண்டும் பக்கத்திலேயே ஓடின. ஆனால் அவை பள்ளத்தில், கோட்டை மேட்டில்.

கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுவரும் வேலை இதாயா ஹெய்ஷிரோ என்பவரிடம் வந்தது. அவர் செய்தது எளிமையான யோசனை, கடினமான வேலை. சாய் ஆற்றில் நன்றாக மேலே, கோட்டையை விட உயரமான இடத்தில் தண்ணீரைத் திருப்பினார். அங்கிருந்து சுமார் 11 கிலோமீட்டர் வாய்க்கால், மேட்டின் சரிவை ஒட்டி, உயரத்தை வீணாக்காமல் மெல்ல மெல்ல இறங்கி வருகிறது. வழியில் பாறையைக் குடைந்த நீண்ட சுரங்கம். ஆற்றுப் பக்கத்துச் சரிவிலிருந்து வரிசையாகப் பக்கத்துளைகள் போட்டதால், ஒரே சமயத்தில் பல இடங்களில் தோண்டவும் மண்ணை வெளியே தள்ளவும் முடிந்தது. பெருந்தீக்கு அடுத்த வருஷமே தண்ணீர் வந்துவிட்டது என்றால் எவ்வளவு கைகள் உழைத்திருக்கும்!

அப்புறம்தான் சிக்கல். கோட்டையைக் காத்த அதே அகழி தண்ணீரின் வழியையும் அறுத்திருந்தது. இங்கேதான் குழாய் வந்தது. கொத்தனார் வீட்டுச் சுவரில் மட்டம் பார்க்கும் தண்ணீர்க்குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குழாய் எவ்வளவு தொங்கினாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு முனையைக் கொஞ்சம் தாழ்த்தினால் அந்தப் பக்கம் வழியும். கோட்டைக்குத் தண்ணீர் போன விதமும் இதே கணக்குதான். நுழையும் வாய் வெளியேறும் வாயை விட உயரமாக இருந்தால், நடுப்பள்ளம் ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் குழாய்க்கு அது பொருட்டுதான். பத்து மீட்டர் இறக்கத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். முதலில் போட்டது மரக்குழாய். இணைப்பில் கசிவு இருந்தால் அழுத்தம் அங்கேயே போய்விடும். 19-ஆம் நூற்றாண்டில் கல்லைக் குடைந்த குழாய்களைப் பதித்தார்கள்.

அகழி இருந்த இடத்தில் இன்று சாலை ஓடுகிறது. கோட்டைக்கு எதிரே கென்ரோகுஎன் தோட்டத்தில் ஒரு நீரூற்று இருக்கிறது. ஜப்பானிலேயே மிகப் பழையது அதுதான் என்று சொல்வார்கள். மேலே உள்ள குளத்தின் உயரம்தான் அதன் ஒரே எஞ்சின். வழக்கமாக 3.5 மீட்டர் வரை பீறிடும். குளத்தில் நீர்மட்டம் குறைந்தால், ஊற்றும் அதே கணக்கில் தாழும்.