ஒட்டகத்தின் கால் ஏன் உடைகிறது?

பாளையங்கோட்டைப் பக்கம் டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பொம்மை தேடினால் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்தான். கையால் பிடித்து, சூளையில் சுட்ட மண் பொம்மை வேண்டுமென்றால் ஆடியிலேயே சொல்லி வைத்துவிட வேண்டும். கார்த்திகையில் போய் நின்றால், "மழை வந்துட்டுல்லா, இப்ப வந்து கேக்கீங்களே" என்பார் பொம்மை செய்கிறவர். அவர் பிகு பண்ணுகிறார் என்று நினைக்காதீர்கள். மண் பொம்மை வேலையில் பாதிக்கு மேல் தண்ணீரை வெளியேற்றும் வேலைதான், மழைக்காலத்தில் தண்ணீர் வெளியே போக மாட்டேன் என்கிறது.

1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அசிசி குடில் வைத்தபோது மாட்டையும் கழுதையையும் உயிரோடு கொண்டுவந்து நிறுத்தினார். அவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

நம் ஊரில் குளம் வற்றும்போது எடுக்கிற களிமண்தான் மூலப்பொருள். நாதஸ்வரத்துக்குப் பேர் வாங்கிய காருகுறிச்சி மண்பாண்டத்துக்கும் பேர் போனது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். களிமண் துகள் 2 மைக்ரோமீட்டருக்கும் சிறியது, உருண்டையாக இல்லாமல் தட்டையான தகடாக இருக்கும். இரண்டு கண்ணாடித் தகடுக்கு நடுவில் தண்ணீர் விட்டால் வழுக்கும், ஆனால் பிரிக்க வராது இல்லையா, அதேபோலத்தான் இந்தத் துகள்களும் நகர்ந்து கொடுத்துக்கொண்டே ஒட்டியும் நிற்கின்றன. அதனால்தான் ஆட்டுக்குட்டியின் காதை இழுத்துவிட்டால் அது இழுத்த இடத்திலேயே நிற்கிறது.

காயும்போது நடுவில் இருந்த தண்ணீர் போகிறது, தகடுகள் நெருங்குகின்றன, பொம்மை சுருங்குகிறது. நீளத்தில் நூற்றுக்கு 5 முதல் 10 வரை குறையலாம். சுருங்குவது பிரச்சினை இல்லை, எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் சுருங்காததுதான் பிரச்சினை. குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களின் ஒட்டகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: கால் மெலிசு, சீக்கிரம் காய்ந்து சுருங்கிவிடும், வயிறோ இன்னும் ஈரமாகப் பருத்தே இருக்கும், இரண்டும் சேரும் தொடையில் இழுபறி நடந்து அங்கேதான் விரிசல் விடும். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது மலைக்கு இந்தப் பக்கம் வருவது ஈரத்தை இறக்கி வைத்துவிட்ட வறண்ட காற்று, அதில் பொம்மையை வைத்தால் காலும் காதும் ஒரே நாளில் காய்ந்துவிடும். அதனால் மெலிந்த இடங்களில் ஈரத்துணி சுற்றி, காற்றுப் படாத மூலையில் மெதுவாகக் காயவிடுகிறார்கள். மண்ணோடு கொஞ்சம் மணல் கலப்பதும் இதற்குத்தான். மணல் சுருங்காது, ஈரம் வெளியேற வழியும் விடும்.

அப்புறம் சூளை. உள்ளே காற்றுக் குமிழ் இருந்தால் பொம்மை வெடித்துவிடும் என்று பலர் சொல்வார்கள், அது சரியில்லை. காற்று சூட்டில் சில மடங்குதான் விரியும். தண்ணீர் நீராவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும், தடித்த மண்ணுக்குள் மாட்டிக்கொண்டால் உடைத்துக்கொண்டுதான் வெளியே வரும். ஆகவே இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர், ராஜாக்கள் போன்ற பெரிய உருவங்களை அடியிலிருந்து குடைந்து கூடாக்கி ஒரு துளையும் விடுகிறார்கள். உள்ளங்கை அளவுள்ள குழந்தை இயேசு கெட்டியாகவே இருக்கலாம். முதலில் சிறு தீதான் போடுவார்கள், புகைதான் அதிகம் வரும், மிச்ச ஈரம் 100 டிகிரியைத் தாண்டும் முன்பே போய்விட வேண்டும்.

ஈரம் போன பிறகும் களிமண்ணின் படிகத்துக்குள் வேதியியலாகக் கட்டுண்ட தண்ணீர் இருக்கிறது. கயோலினைட் என்ற களிமண் கனிமத்தில் அது எடையில் நூற்றுக்கு 14 பங்கு. ஏறத்தாழ 450 முதல் 600 டிகிரிக்குள் அதுவும் கழன்றுவிடும். இந்தக் கட்டத்தைத் தாண்டிய மண்ணை எவ்வளவு ஊறவைத்தாலும் அது பழைய களிமண்ணாக மாறாது.

நிறம் மண்ணில் இருக்கும் இரும்பின் வேலை. காற்றோட்டமாகச் சுட்டால் இரும்பு ஆக்சைடு செம்மையாகும். தீ எரிந்துகொண்டிருக்கும்போதே வைக்கோலும் உமியும் போட்டு மண்ணால் மூடிவிட்டால் ஆக்சிஜன் போதாமல், எரிகிற வாயுக்கள் இரும்பிலிருந்தே ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும், கூடவே கரியும் படியும், பொம்மை கறுத்துவிடும். தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் கிடைத்த கறுப்பு சிவப்புப் பானைகளில் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்பும் இருப்பதற்கும், கவிழ்த்துச் சுட்டதால் உள்பக்கம் காற்றுப் படவில்லை என்பதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். மூன்று ராஜாக்களில் ஒருவரைக் கறுப்பாகக் காட்டுவது வழக்கம், அவருக்கு மட்டும் இப்படிச் சுட்டால் பெயிண்டே தேவையில்லை. எனக்கு இந்த நிறம்தான் பிடிக்கும், பளபளா எனாமலை அடித்து மண்ணையே மறைப்பதில் என்ன லாபமோ!

வாங்கும்போது விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்றால் நன்றாக வெந்திருக்கிறது, மொத்தென்றால் விரிசல் இருக்கலாம் அல்லது சூடு போதவில்லை. கெட்டியான குழந்தை இயேசுவிடம் இந்தச் சோதனை பலிக்காது. அதைத் திருப்பி, பெயிண்ட் படாத அடிப்பக்கத்தை ஈரத்துணியால் அழுத்தித் துடையுங்கள், துணியில் சேறு ஒட்டினால் அது வேகாத மண்.