அடியிலைக்கு மருந்து எப்படிப் போய்ச் சேரும்?

தக்காளி வயலில் ட்ரோன் மருந்து அடித்துவிட்டுப் போனதும் ஒரு செடியை விலக்கி, உள்ளே இருக்கும் இலையைத் திருப்பிப் பாருங்கள். மேல் இலைகளில் துளிகள் தெரியும். இந்த இலையின் அடிப்பக்கமோ பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். வெள்ளை ஈயின் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சுவது அங்கேதான்.

கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் வரை தண்ணீர் போகும். ட்ரோனுக்குச் சுமார் 10 லிட்டர்தான். அந்தக் கொஞ்சத் தண்ணீரை வயல் முழுக்கப் பரப்பத் துளியைச் சிறிதாக்குகிறார்கள். 200 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளி ஒன்றை உடைத்தால் 100 மைக்ரான் துளிகள் எட்டு கிடைக்கும். ஆனால் அந்தச் சின்னத் துளி அசையாத காற்றில் நொடிக்குக் கால் மீட்டர்தான் இறங்கும். 3 மீட்டர் உயரத்தில் பறக்கும் ட்ரோனிலிருந்து இறங்க 12 நொடி. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அதற்குள் 24 மீட்டர் தள்ளி அடுத்தவர் வயலுக்கே போய்விடும். வெயிலில் பாதி வழியிலேயே சுருங்கியும் போகும். 300 மைக்ரான் துளி மூன்று நொடிக்குள் இறங்கிவிடும். ஆனால் முதலில் எதிர்ப்படும் இலையிலேயே மோதித் தங்கிவிடும்.

இந்த இக்கட்டில் கைகொடுப்பது ட்ரோனின் இறக்கைகள் கீழே தள்ளும் காற்று. அது இலைகளை விலக்கி, புரட்டி, துளிகளை உள்ளே இழுத்துச் செல்கிறது. ட்ரோன் வேகமாகப் பறந்தால் அந்தக் காற்று பின்பக்கம் சாய்ந்து, செடிக்குள் இறங்காமல் மேலோடு போய்விடும். மிகத் தாழப் பறந்தாலும் கெடுதல்: காற்று மோதித் தெறித்து, துளிகளைப் பக்கவாட்டில் சிதறடிக்கும். என்னைக் கேட்டால், அடர்ந்த காய்கறி வயலில் மருந்தை மாற்றுவதற்கு முன்னால் பறக்கும் வேகத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

ஊடுருவிப் பாயும் மருந்துதானே, மேலே பட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அத்தகைய மருந்துகளில் பெரும்பாலானவை செடிக்குள் மேல்நோக்கியே நகரும். நுனியில் பட்டது அடியிலைக்கு இறங்கி வராது.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இலைகளில் இன்னொரு தொல்லை. மெழுகுப் பூச்சில் துளி உருண்டு விழுந்துவிடும். ஒட்டும் திரவம் கலந்தால்தான் பரவி நிற்கும்.

மருந்து எங்கே சேர்ந்தது என்பதைக் கண்ணால் பார்க்க வழி இருக்கிறது. தண்ணீர் பட்ட இடம் நீலமாக மாறும் மஞ்சள் காகிதம் கிடைக்கிறது. செடியின் மேல், நடு, அடி இலைகளில், அடிப்பக்கத்திலும் சேர்த்துக் குத்திவைத்து, டேங்கில் வெறும் தண்ணீர் ஊற்றிப் பறக்கவிடுங்கள். அடிக் காகிதம் மஞ்சளாகவே இருந்தால் தண்ணீரைக் கூட்டி, வேகத்தைக் குறைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் நீலப் புள்ளி விழவில்லையென்றால், அந்த வயலுக்குக் கைத்தெளிப்பானோடு வரப்பில் இறங்க வேண்டியதுதான்.