கீழே சிவப்பு, மேலே வெள்ளை: யூட்டா பாறையின் இரும்புக் கணக்கு

லாஸ் வேகஸில் ஆர்.வி. (படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, குடும்பத்தோடு யூட்டா மாநிலத்தின் செம்பாறை நாட்டைச் சுற்றி வந்த வாசகர் ஒருவர் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். முதல் படத்தில் சயான் தேசியப் பூங்காவின் மலைச்சுவர். அடியில் செங்கல் நிறம், ஏற ஏற வெளுத்து, உச்சியில் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது. இரண்டாவது படத்தில் அவர் மகளின் உள்ளங்கை. அதில் கோலிக்குண்டு அளவில் மூன்று கரிய உருண்டைகள். “முழுச் சுவரும் ஒரே பாறை என்கிறார்கள். பிறகு நிறம் ஏன் மாறுகிறது? இந்த உருண்டைகளைச் சக்திக்கல் என்று ஒரு கடையில் விற்கிறார்கள். இவை என்ன?” என்று கேட்டிருந்தார்.

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். பாறையிலிருந்து காணாமல் போன சிவப்புதான் இப்படி உருண்டையாகத் திரண்டு கிடக்கிறது.

சுவரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாறைக்கு நவஹோ மணற்கல் என்று பெயர். சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டைனோசர் காலத்தில், அங்கே சகாராவைப் போல ஒரு மணற்கடல் இருந்தது. காற்று குவித்த மணற்குன்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைந்து, நிலத்தடி நீரிலிருந்த தாதுக்கள் பசைபோல மணலை ஒட்ட, கல்லாகிவிட்டன. சயானில் இந்த ஒரு அடுக்கு மட்டுமே ஏறக்குறைய 600 மீட்டர் தடிமன். பூங்காவின் நீண்ட சுரங்கப்பாதையைத் தாண்டிக் கிழக்கே வந்தால், சாலையோரப் பாறைகளில் சீப்பால் வாரிய மாதிரி சாய்ந்த கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் அன்று ஒரு மணற்குன்றின் சரிவு. மணலில் கலந்திருக்கும் சிர்க்கான் என்ற தாதுவின் படிகங்களின் வயதை அளந்து பார்த்ததில், பெரும்பகுதி மணல் கண்டத்தின் கிழக்குக் கோடியிலிருக்கும் அப்பலாச்சியன் மலைகளிலிருந்து வந்தது என்று தெரிந்திருக்கிறது. ஆறுகள் அதைக் கண்டம் கடந்து கொண்டுவந்திருக்கின்றன.

சரி, சிவப்பு எங்கிருந்து வந்தது?

மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். அதற்கு நிறமே கிடையாது. சயான் பாறையில் ஒரு சிட்டிகைத் தூளை எடுத்து லென்ஸ் வழியே பார்த்தால், கண்ணாடி போன்ற ஒவ்வொரு மணியின் மேலும் மெல்லிய சிவப்புத் தோல் போர்த்தியிருப்பது தெரியும். கடலையில் மிளகாய்த்தூள் ஒட்டியிருக்குமே, அந்த மாதிரி. அந்தத் தோல் ஹேமடைட், அதாவது ஒருவகை இரும்பு ஆக்சைடு. நம்மூர்க் காவிக்கல்லும் அதேதான். பாறையின் எடையில் அது ஒரு சதவீதம்கூடத் தேறாது. ஆனால் துகள்கள் மிக நுண்ணியவை, எல்லா மணியின் மேலும் பரவியிருப்பவை. அதனால் ஒரு மலையையே சிவப்பாக்க அது போதும். ஹேமடைட் பெரிய படிகமாக இருந்தால் எஃகு போலச் சாம்பல் நிறத்தில் மின்னும். அதையே பொடித்தால் ரத்தச் சிவப்பு.

ஈரமும் வெப்பமும் மிகுந்த நாடுகளில் உண்டான செம்மண்தான் அடித்து வரப்பட்டு இப்படிச் செம்பாறை ஆனது என்று முன்பு பலர் கருதினார்கள். 1967-இல் தியோடர் வாக்கர் என்ற அமெரிக்க நிலவியலாளர், பாலைவனத்திலேயே, மணல் படிந்த இடத்திலேயே சிவப்பு உண்டாகும் என்று காட்டினார். மணலோடு கொஞ்சம் கரிய தாதுக்கள் கலந்திருக்கும். அவற்றுக்குள் இரும்பு உண்டு. புதைந்தபின், ஆக்சிஜன் கலந்த நீர் பட்டு அவை மெல்ல மெல்லச் சிதைய, வெளிவந்த இரும்பு துருவாகிப் பக்கத்து மணிகளில் ஒட்டிக்கொள்கிறது. அந்தத் துரு காலப்போக்கில் ஹேமடைட்டாக முதிர்கிறது. திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரி என்ற செம்மணல் மேட்டில் நடந்தவர்களுக்கு அந்தச் சிவப்பு தெரிந்திருக்கும். அங்கேயும் மணி குவார்ட்ஸ், தோல் ஹேமடைட். யூட்டா பாறையின் வயதோடு ஒப்பிட்டால் தேரி நேற்றுப் பிறந்த குழந்தை.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இதற்கு யூட்டா வரை போக வேண்டாம், ஒரு குடம் போர் தண்ணீர் போதும்.

எங்கள் ஊர் வீட்டில் போர் போட்ட புதிதில், காலையில் மோட்டாரைப் போட்டால் தண்ணீர் இளநீர் மாதிரி தெளிவாக வரும். வெள்ளைப் பிளாஸ்டிக் வாளியில் பிடித்து வைப்போம். மத்தியானம் பார்த்தால் மேலே எண்ணெய் படிந்தது போல ஓர் ஆடை, தண்ணீரில் லேசான மஞ்சள். சாயங்காலம் வாளியின் அடியில் செம்பழுப்பாக வண்டல் தங்கியிருக்கும். அதில் துவைத்த அப்பாவின் வேட்டி ஒருபோதும் வெள்ளையாக இருந்ததில்லை. காலையில் தெளிவாக இருந்த தண்ணீருக்குள் அந்த இரும்பு எங்கே ஒளிந்திருந்தது?

தண்ணீரில் கரைந்திருந்தது. இரும்பு இரண்டு எலக்ட்ரான்களை இழந்த நிலையில் தண்ணீரில் நன்றாகக் கரையும், நிறமும் காட்டாது. மூன்றாவது எலக்ட்ரானையும் இழந்துவிட்டால் சாதாரணத் தண்ணீரில் கரையவே கரையாது, துருவாகப் படிந்துவிடும். ஆழத்தில் ஆக்சிஜன் இல்லாதவரை அது முதல் நிலையில் நிம்மதியாக இருக்கிறது. வாளிக்கு வந்து காற்றுப் பட்டதும் ஆக்சிஜன் அந்த மூன்றாவது எலக்ட்ரானைப் பறிக்கிறது. ஒரே ஒரு எலக்ட்ரான்தான் வித்தியாசம். அது இருந்தால் இரும்பு ஊர்சுற்றும், போனால் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும்.

யூட்டாவில் இது தலைகீழாக ஆரம்பித்தது. மணிகளின் மேல் ஹேமடைட்டாக உட்கார்ந்திருந்த இரும்புக்கு யாரோ எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தவை பூமிக்கடியில் ஊறிவந்த எண்ணெயும் எரிவாயுவும், அவற்றோடு கலந்துவந்த நீரும் என்பது வலுவான கருத்து. எண்ணெயிலும் எரிவாயுவிலும் இருக்கும் ஹைட்ரோகார்பன்கள் எலக்ட்ரானைத் தாராளமாகக் கொடுப்பவை. அவை பட்ட இடத்தில் ஹேமடைட் கரைந்தது, சிவப்புத் தோல் உரிந்தது, குவார்ட்ஸ் வெறுமையாக நின்றது. அதுதான் வெள்ளைப் பாறை. எண்ணெயும் வாயுவும் தண்ணீரைவிட இலேசானவை, மேலே ஏறித்தான் தங்கும். எனவே அடுக்கின் உச்சி வெளுத்து அடி சிவந்திருப்பது பொருந்திவருகிறது. பாறை வில்லாக வளைந்து மேடிட்ட இடங்களில் வெளுப்பு அதிகம் என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் காட்டினார்கள். எண்ணெய் எங்கே தேங்குமோ அங்கேதான் வெளுத்திருக்கிறது. ஒரு காலத்தில் பெரிய எண்ணெய் வளம் அங்கே இருந்து, மேலிருந்த பாறை அரித்துப்போனதும் கசிந்து போயிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

கரைந்த இரும்பு சும்மா இருக்குமா? நிலத்தடி நீரோடு நகர்ந்தது. எங்கோ ஓரிடத்தில், மழைநீர் இறங்கி ஆக்சிஜன் கலந்திருந்த நீரைச் சந்தித்தது. அப்புறம் நடந்தது எங்கள் வாளியில் நடந்ததேதான். ஆனால் பாறைக்குள் அடியில் போய்த் தங்க வழியில்லை. ஏதோ ஒரு புள்ளியைச் சுற்றி, எல்லாப் பக்கமும் சமமாக, மணிகளுக்கு இடையிலேயே துரு படிந்தது. அதனால்தான் உருண்டை. ஒன்று இரண்டாக உடைந்து கிடப்பதைப் பார்த்தால் உள்ளே வெளிர் மணல், வெளியே மட்டும் கெட்டியான இரும்பு ஓடு, கொட்டாங்கச்சி போல. இரும்பு கார்பனேட் முதலில் உருண்டையாகி, நுண்ணுயிர்கள் அதை வெளிப்புறத்திலிருந்து துருவாக்கின என்று சொல்பவர்களும் உண்டு. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. சுற்றியுள்ள மென்மையான மணற்கல் அரித்துப்போக, உருண்டைகள் மட்டும் தரையில் கொட்டிக் கிடக்கின்றன. இவற்றுக்கு மோக்கி கோலிகள் என்று பெயர். ஹோப்பி என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களை வெளியார் அழைத்த பழைய பெயர் மோக்கி.

2004 ஜனவரியில் நாசாவின் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி செவ்வாயில் மெரிடியானி சமவெளியில் இறங்கியபோது, தரையெங்கும் மிளகளவு உருண்டைகள் சிதறிக் கிடந்தன. ஹேமடைட் நிறைந்தவை. அதே ஆண்டு ஜூனில் யூட்டாவின் நிலவியலாளர் மார்ஜரி சான் குழு, இவற்றுக்குப் பூமியில் ஒப்புமை எங்கள் மோக்கி கோலிகள் என்று ‘நேச்சர்’ அறிவியல் இதழில் எழுதியது. இரண்டும் அச்சாக ஒன்றல்ல. செவ்வாய் உருண்டைகளில் ஹேமடைட் அதிகம். ஆனாலும் அங்கே ஒருகாலத்தில் நிலத்தடி நீர் இரும்பைச் சுமந்து ஓடியது என்று படிக்க, யூட்டாவில் கற்ற பாடம் உதவியது.

ஒரு பாறை ஏன் வெளுத்தது என்று கேட்பவர்களுக்கு நிதி கொடுத்தார்கள். அந்தக் கேள்வி செவ்வாய் வரை போனது. நம் தேரி மணலைப் பற்றியும் இப்படிக் கேட்கிற மாணவர்கள் இருக்கிறார்கள். “இதனால் என்ன பயன்?” என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பாமல் இரண்டு வருடச் செலவைக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சக்திக்கல் விஷயம். ஆண், பெண் என்று ஜோடி சேர்த்து, வலி தீரும், பயம் போகும் என்று விற்கிறார்கள். அதில் இருப்பது மணலும் இரும்பு ஆக்சைடும்தான், நோய் தீர்க்கும் எதுவும் இல்லை. விற்பனைக்காக உருண்டைகளைப் பொறுக்கிப் போவதால் சில இடங்கள் மொட்டையாகிவருவதுதான் எனக்கு வருத்தம். தேசியப் பூங்காக்களிலும் கிராண்ட் ஸ்டேர்கேஸ்–எஸ்கலான்டே பகுதியிலும் அவற்றை எடுப்பது சட்டப்படி தவறு. மகள் படம் எடுத்தபின் அங்கேயே போட்டுவிட்டாள் என்று வாசகர் எழுதியிருந்தார். கெட்டிக்காரப் பெண்.

அடுத்த முறை போகும்போது யூட்டாவின் கானாப் ஊர்ப் பக்கம் கோரல் பிங்க் மணற்குன்றுகளில் வண்டியை நிறுத்துங்கள். நவஹோ மணற்கல் உதிர்ந்து, காற்று அதை மறுபடியும் குன்றாகக் குவித்த இடம் அது. ஒரு சிட்டிகை மணலை லென்ஸில் பாருங்கள். மணிகள் ஒன்றோடொன்று உரசி, மேடான இடங்களில் தோல் தேய்ந்து கண்ணாடி தெரியும். பள்ளங்களில் சிவப்பு மிச்சமிருக்கும்.