முகாம் முடிந்து ஆறாவது வாரம்

போன மாதம் ஒரு அம்மா போனில் அழுதார். "பையன் பின்மாற்றத்துல போயிட்டான் பிரதர். முகாம்ல அப்படி அழுது அர்ப்பணிச்சான். இப்ப பைபிளைத் தொடவே மாட்டேங்கிறான்." பின்மாற்றம் என்றால் விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கிப் போவது. அவர் சொன்ன வாலிபர் முகாம் முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. வாலிபர் ஊழியத்தில் இருக்கும் இத்தனை வருடங்களில் இதே வார்த்தைகளை எத்தனையோ வீடுகளில் கேட்டாயிற்று. இனியும் பேசாமல் இருக்க முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

பையனுக்கு 16 வயது. அவனைப் பார்க்கப் போகும் முன் பழைய அர்ப்பணிப்பு அட்டைகளை எடுத்துப் புரட்டினேன். முகாமின் கடைசி இரவில், தங்களைத் தேவனுக்கு அர்ப்பணிக்க முன்னால் வரும் பிள்ளைகள் நிரப்பிக் கொடுக்கும் சின்ன அட்டைகள்: பெயர், வகுப்பு, 'இன்று நான் எடுத்த தீர்மானம்' என்று ஒரு வரி. நான்கு வருடக் கட்டுகளிலும் அவன் பெயர் இருந்தது. முதல் அட்டையில் உருண்டை உருண்டையான பிள்ளைக் கையெழுத்து. நான்காவதில் பேனாவை அழுத்தி எழுதியிருந்ததில் அட்டையின் பின்பக்கம் புடைத்துக்கொண்டு நின்றது. "இந்தத் தடவை நிஜமாகவே" என்று எழுதியிருந்தான்.

நான்கு தடவையும் அவன் நிஜமாகத்தான் முன்னால் வந்திருக்கிறான். அதையே அவன் சந்தேகப்படும்படி செய்தது பெரியவர்களாகிய நாம்.

நேரில் உட்கார்ந்தபோது தலையைத் தூக்காமல் சொன்னான்: "எனக்கு இப்ப ஒண்ணுமே தோணல அண்ணா. எல்லாரும் கையை உயர்த்திப் பாடுறாங்க, நான் சும்மா நிக்கிறேன். அப்போ முகாம்ல நான் நடிச்சேனா?"

ஒரு பிள்ளை இந்தக் கேள்வியைத் தனியாகச் சுமந்துகொண்டு ஆறு வாரம் நடந்திருக்கிறது. வீட்டில் திட்டு. சபையில் "முன்ன எப்படி அனலா இருந்தே!" என்ற விசாரிப்பு. ஒருவராவது அவன் பக்கத்தில் உட்கார்ந்து என்னப்பா என்று கேட்கவில்லை.

தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். உணர்ச்சி அடங்குவது பின்மாற்றம் அல்ல. முகாமில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூன்று நாள் கையில் போன் கிடையாது, பாடப் புத்தகம் கிடையாது, வீட்டுச் சண்டை கிடையாது. எழுந்தது முதல் படுக்கும் வரை நண்பர்கள், பாட்டு, ஜெபம். 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். நம் முகாம்களில் அதில் பாதி கிடைத்தாலே பெரிய விஷயம். தூக்கம் கெட்ட உடம்பில் அழுகையும் சிரிப்பும் சீக்கிரம் வரும். தேவன் அங்கே கிரியை செய்யவில்லை என்று நான் சொல்லவே இல்லை. செய்கிறார், கண்ணாரப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த மூன்று நாள் கொதிப்பு அப்படியே செவ்வாய்க்கிழமை கணக்கு வகுப்பிலும் இருக்க வேண்டும் என்று எந்த வசனம் சொல்கிறது? பெரியவர்களுக்கே அப்படி இருப்பதில்லை. பிள்ளைகளிடம் மட்டும் ஏன் எதிர்பார்க்கிறோம்?

இந்த இடத்தில்தான் ஒருவர் தவறாமல் வெளிப்படுத்தல் 3-ஆம் அதிகாரத்தை எடுப்பார். "வெதுவெதுப்பாயிருந்தால் வாந்திபண்ணிப்போடுவார்!" இதைப் பிள்ளைகள் மேல் எறிவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். நான் ஐசுவரியவான், எனக்கு ஒரு குறைவுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த லவோதிக்கேயா சபைக்கு எழுதிய வார்த்தை அது. என்னிடம் ஒன்றுமே இல்லையே என்று பயந்து நிற்கிற பிள்ளைக்கு எழுதியது அல்ல. அந்தப் பிள்ளைக்கு மத்தேயு 12:20 இருக்கிறது: மங்கியெரிகிற திரியை அவர் அணைக்கமாட்டார். நாம் அணைத்துவிடுகிறோம்.

எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். கர்மேல் மலையில் அவர் ஜெபித்தபோது வானத்திலிருந்து அக்கினி இறங்கியது. அடுத்த அதிகாரத்திலேயே அவர் சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். வந்த தூதன் பின்மாற்றம் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டான், எழுப்பினான், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்கவிட்டு மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். 'நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்' என்பது அந்த இரண்டாம் முறை எழுப்பும்போதுதான் வந்த வார்த்தை. நம் வாலிபர் தலைவர்களில் எத்தனை பேருக்கு இந்த வரிசை நினைவில் இருக்கிறது?

சரி, பிள்ளைகள் சோர்ந்தால் நாம் என்ன செய்கிறோம்? இன்னொரு முகாம் வைக்கிறோம். கூடுதல் சத்தம், கூடுதல் வெளிச்சம், இன்னும் உருக்கமான அழைப்பு. மறுபடி முன்னால் வருகிறார்கள், மறுபடி அட்டை நிரப்புகிறார்கள். நானும் பல வருடம் அந்த அட்டைகளை எண்ணித்தான் முகாமின் பலனை அறிக்கையில் எழுதினேன். அதில் பாதிப் பேர் போன வருடமும் நிரப்பியவர்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

இந்தப் பிரச்சனை இன்று முளைத்ததும் அல்ல. 1881 பிப்ரவரி 2 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் தன் வீட்டில் இளைஞர்களைக் கூட்டி 'கிறிஸ்டியன் எண்டெவர்' சங்கத்தைத் தொடங்கினார். அந்தக் குளிர்காலத்தில் அவர் சபையில் பல பிள்ளைகள் புதிதாக அர்ப்பணித்திருந்தார்கள். இவர்களை எப்படி நிலைநிறுத்துவது என்பதுதான் அவருடைய கவலை. அவர் இன்னொரு எழுப்புதல் கூட்டம் போடவில்லை, வேலை கொடுத்தார். ஜெபக் கூட்டத்தை நடத்த ஒரு குழு, வராதவர்களை விசாரிக்க ஒரு குழு, புதியவர்களை வரவேற்க ஒரு குழு. ஒவ்வொரு பிள்ளையும் வாரக் கூட்டத்தில் ஏதாவது ஒரு பங்கு எடுக்க வேண்டும், ஒரு வசனம் வாசிப்பதானாலும் சரி. சில ஆண்டுகளிலேயே அந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது. நாமோ பிள்ளைகளைப் பார்வையாளர்களாக உட்கார வைத்துவிட்டு ஆர்வம் இல்லை என்று குறை சொல்கிறோம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் 2002, 2003-இல் 13 முதல் 17 வயதுள்ள 3,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பேட்டி கண்டு ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். பிள்ளைகளின் விசுவாச வாழ்க்கையைப் பெற்றோர் அளவுக்கு வேறு யாரும் உருவாக்குவதில்லை என்பது அதன் முக்கியமான முடிவு. பவுல் தன் இளம் உடன் ஊழியனான தீமோத்தேயுவுக்கு எழுதும்போது அவனுடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது சும்மா இல்லை. நீங்கள் வேதம் திறப்பதை உங்கள் பிள்ளை கடைசியாக எப்போது பார்த்தது? வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்னிடம் இருக்கிற பிள்ளைக்கு, மீதி நேரமெல்லாம் உங்களோடு இருக்கிற வாழ்க்கையை நான் ஈடுகட்ட முடியாது.

இனி ஊழியர்களுக்கு. முகாம் தேதியைக் குறிக்கும்போதே, முடிந்த பின் இரண்டாவது வாரமும் ஆறாவது வாரமும் எந்தப் பிள்ளையை யார் சந்திப்பார் என்று எழுதி வையுங்கள். ஆள் இல்லையென்றால் முகாமைச் சின்னதாக்குங்கள். முகாமிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்: "இந்த உணர்வு குறையும், அப்போது பயப்படாதே, என்னைக் கூப்பிடு." அடுத்த ஞாயிறே மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள், அதை வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். அந்த வீடியோவுக்குத் தகுந்தபடி வாழ முடியாமல்தான் பல பிள்ளைகள் ஒளிந்துகொள்கிறார்கள். கேள்வி கேட்டால் வாயை அடைக்காதீர்கள். 12 வயதில் இயேசுவே தேவாலயத்தில் போதகர்கள் நடுவில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். பதில் தெரியாவிட்டால் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி பார்த்தும் சொல்லுங்கள்.

பிள்ளையோடு தனியாகப் பேசுவது மற்றவர் கண்ணில் படும் இடத்தில், பெற்றோருக்குத் தெரிந்துதான் இருக்க வேண்டும். இதில் விதிவிலக்கே கிடையாது, எவ்வளவு நல்ல ஊழியரானாலும்.

இன்னொன்று, இதை மன்றாடியே கேட்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்த எதிலும் ஆசையில்லை என்றால் அதை ஆவிக்குரிய சோர்வு என்று சொல்லி ஜெபத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஜெபியுங்கள், மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள். சாக வேண்டும்போல இருக்கிறது என்று பிள்ளை சொன்னால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போங்கள், பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். அந்த விஷயத்தில் மட்டும் ரகசியம் காப்பேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

அந்தப் பையனை நான் எந்த முகாமுக்கும் அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை அரை மணி முன்னால் வந்து என்னோடு நாற்காலி போட முடியுமா என்று மட்டும் கேட்டேன். வருகிறான். இன்னமும் ஒன்றும் தோணல என்றுதான் சொல்கிறான். போன வாரம் நாற்காலியைப் பிரித்துக்கொண்டே, "தோமா நம்பமாட்டேன்னு சொல்லிட்டு அந்த எட்டு நாள் எங்க அண்ணா இருந்தான்?" என்று கேட்டான். இயேசு உயிர்த்தெழுந்ததைக் கண்ணால் காணாமல் நம்பமாட்டேன் என்ற சீஷனைத்தான் கேட்கிறான். யோவான் 20:26-ஐ எடுத்துக் கொடுத்தேன். எட்டு நாளைக்குப் பின்பு சீஷர்கள் வீட்டுக்குள்ளே இருந்தார்கள், தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான். அந்த வரியை விரலால் தொட்டு இரண்டு தடவை வாசித்தான். அப்புறம் பைபிளை என்னிடம் கொடுத்துவிட்டு அடுத்த வரிசையைப் போட ஆரம்பித்தான்.