நேர மண்டலமா, நேர வலயமா? – ஒரு சொல் விளக்கம்

இராமநாதபுரத்தில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் மென்பொருள் சோதனை கற்பித்து வருகிறேன். அங்கே வழங்கும் தமிழ்ப் பாடக் குறிப்பில் ‘நேர மண்டல மாற்றத்தைச் சோதிக்கவும்’ என்றொரு வரி இருக்கிறது. அதைப் படிக்கும் மாணவர்கள், எந்தக் குழுவாக இருந்தாலும், ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். கணினியின் அமைப்புகளுக்குள் போய், கொல்கத்தா என்றிருப்பதை லண்டன் என்று மாற்றி, திரையின் மூலையில் மணி மாறுவதைப் பார்த்துவிட்டு, மறுபடியும் கொல்கத்தாவுக்கே திருப்பி, ‘சரி’ என்று எழுதிவிடுகிறார்கள். அவர்கள் மேல் பிழையில்லை. அந்த வரியை அப்படிப் புரிந்துகொள்ள எல்லா நியாயமும் உண்டு. ஆனால் சோதிக்க வேண்டியது அதுவன்று. ஒரே இடத்தின் கடிகாரமே பருவத்தாலோ அரசாணையாலோ மாறும்போது நிரல் சரியாக இயங்குகிறதா என்பதே. இந்த ஆண்டும் இதையே கண்ட பிறகு, கோளாறு எந்தச் சொல்லில் இருக்கிறது என்பதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

ஒரே கடிகாரத்தைப் பின்பற்றும் நிலப்பகுதியை ஆங்கிலத்தில் ‘டைம் ஸோன்’ என்பார்கள். அதன் பின்பாதி, இடுப்புக் கச்சையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. புவியைச் சுற்றிய வெப்ப, குளிர்ப் பகுதிகளைப் பண்டைய கிரேக்கர் கச்சைகளாகக் கண்டார்கள். பின்னர் அச்சொல் எந்தப் பகுதிக்கும் உரியதாயிற்று. வட அமெரிக்க இரயில்வேக்கள் 1883 நவம்பரில் பொது நேரங்களை ஏற்றுக்கொண்டபின் இக்கூட்டுச்சொல் பரவியது. இதற்குமேல் அதன் பிறப்பில் நமக்கு உதவக்கூடியது ஒன்றுமில்லை.

தமிழில் இதற்கு வழங்கும் இரண்டு சொற்கள் நேர மண்டலம், நேர வலயம் என்பவை. இரண்டிலும் பின்பாதி வடமொழியிலிருந்து வந்ததுதான். இரண்டுக்கும் வட்டம் என்ற பொருள் உண்டு. ஆகவே தூய்மையை அளவுகோலாக வைத்து ஒன்றைத் தள்ளி இன்னொன்றைக் கொள்ள முடியாது. தெளிவுதான் இங்கே அளவுகோல், அந்த அளவில் ‘மண்டலம்’ தேறவில்லை என்பதே என் கருத்து.

முதலாவது, மண்டலம் ஏற்கெனவே காலத்தை அளக்கும் சொல்லாக நம்மிடம் வழக்கில் இருக்கிறது. வைத்தியர் ஒரு மருந்தை ஒரு மண்டலம் சாப்பிடச் சொன்னால் 48 நாள் என்று வீட்டிலுள்ள அனைவருக்கும் தெரியும். குடமுழுக்கு முடிந்த கோயிலில் மண்டலாபிஷேகமும் அந்தக் கணக்கில்தான் நடக்கிறது. விரதத்துக்கு 41 நாள் என்று கொள்வாரும் உண்டு. அப்படியிருக்க, ‘நேரம்’ என்ற சொல்லுக்கு அடுத்தே மண்டலத்தை வைத்தால், கேட்பவர் மனம் இடத்தை நினைக்குமா, நாள்கணக்கை நினைக்குமா? தொண்டை மண்டலம், கொங்கு மண்டலம் என்னும்போது ஊர்ப்பெயர் முன்னே நின்று பொருளைக் காக்கிறது. நேர மண்டலத்தில் அந்தக் காவல் இல்லை.

இரண்டாவது, இந்தக் கடற்கரையில் மண்டலம் என்றவுடன் நினைவுக்கு வருவது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும் நாள்களில் சிறுபிள்ளைகள் வாயிலும் அச்சொல் புழங்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வானிலைத் துறையினர் தமிழில் எவ்வளவு கவனமாகப் பெயரிட்டிருக்கிறார்கள் என்பதற்கு இதையே சான்றாகக் காட்டுவேன். தாழ்வுப் பகுதி வேறு, தாழ்வு மண்டலம் வேறு, ஆழ்ந்த தாழ்வு மண்டலம் வேறு. பகுதி என்றால் ஒரு கணக்கு, மண்டலம் என்றால் படகைக் கரையேற்ற வேண்டிய கணக்கு என்று இராமேசுவரத்து மீனவர் ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒரே பொருளின் அடுத்தடுத்த நிலைகளுக்கு வெவ்வேறு பெயரை நிலைநிறுத்திப் பொதுமக்கள் நாவில் ஏற்றிவிட்ட மொழி இது. கணினித் துறையில் மட்டும், கீழே நான் பிரித்துக் காட்டப்போகும் வெவ்வேறான மூன்று பொருள்களுக்கு ஒரே பெயரைப் போட்டுவிட்டு, தமிழில் இவ்வளவுதான் முடியும் என்று மொழிபெயர்ப்பாளர்கள் கைவிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வெப்ப மண்டலம், மிதவெப்ப மண்டலம் என்று புவியியல் பாடநூலில் உள்ளதே, அதன்வழியே நேர மண்டலமும் வந்தால் என்ன என்று மண்டலத்தின் பக்கம் நிற்பவர்கள் கேட்பார்கள். அந்த ஒப்புமைதான் கெடுதல் செய்கிறது. வெப்ப மண்டலத்தை வகுத்தது சூரியன். அதன் எல்லையை எந்த அரசும் ஆணையிட்டு நகர்த்த முடியாது. நேரத்தின் எல்லையோ முழுக்க முழுக்க அரசாணையால் ஆனது. நம் கடிகாரம் உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூர் அருகே செல்லும் 82.5 பாகைத் தீர்க்கரேகையைப் பின்பற்றுகிறது. இராமேசுவரமோ ஏறத்தாழ 79.3 பாகையில் இருக்கிறது. ஆகவே இங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தில் சராசரியாக 12 மணி 13 நிமிடம் ஆகியிருக்கும். சூரியனைக் கேட்டு நாம் மணி வைக்கவில்லை. 1906 முதல் இந்த ஒரு கோட்டைக் கேட்டு வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு இந்தக் கரை கண்ட சான்று ஒன்று உண்டு. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 1996 மே மாதத்தில் மின் தட்டுப்பாட்டின்போது இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அவ்வாண்டு அக்டோபரில் அதில் அரை மணியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மீதமிருந்த அரை மணி வித்தியாசம் 2006 ஏப்ரல் வரை, ஏறத்தாழ பத்தாண்டு, நீடித்தது. இங்கே வீட்டில் இலங்கை வானொலி கேட்டவர்களுக்குச் சுவர்க் கடிகாரம் ஒன்றும் அறிவிப்பாளர் இன்னொன்றும் சொன்ன காலம் அது. இலங்கைக்குள்ளேயே, விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் அந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்தையே பின்பற்றினார்கள். கடல் அகலவில்லை, சூரியன் இடம் மாறவில்லை. ஆணை எட்டிய இடம் வரைக்கும் மணி மாறியது, அவ்வளவே.

இப்போது இரு கரையிலும் ஒரே மணி. எல்லா நாட்டுக் கடிகாரங்களும் ஒப்பிட்டுக்கொள்ளும் உலகப் பொது நேரத்துக்கு (யுடிசி) இரண்டும் ஐந்தரை மணி முந்தியவை. அப்படியானால் இரண்டும் ஒரே வலயமா? இல்லை. உலகக் கணினிகள் பலவும் சார்ந்திருக்கும் நேரத் தரவுத்தளத்தில் ‘ஆசியா/கொல்கத்தா’ தனி, ‘ஆசியா/கொழும்பு’ தனி. ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கி, 2011 முதல் இணைய முகவரி எண்களை நிருவகிக்கும் ஐயானா அமைப்பின் பொறுப்பில் இருக்கும் அந்தத் தரவுத்தளம், 1970 தொடங்கி இன்றுவரை கடிகாரங்கள் ஒத்துச் சென்ற ஒரு நாட்டுப் பகுதியையே ஒரு வலயம் என்று கொள்கிறது. அதாவது, வலயம் என்பது ஒரு மணிக்கணக்கன்று. ஒரு நிலப்பகுதியும் அதன் கடிகார வரலாறும் சேர்ந்தது. 2000ஆம் ஆண்டின் ஏதேனும் ஒரு நாளை உள்ளிட்டுப் பார்த்தால் கொல்கத்தாவும் கொழும்பும் அரை மணி விலகி நிற்பதைக் கணினியே காட்டும்.

ஆகவே வலயம் ஒன்று. அந்த வலயம் உலகப் பொது நேரத்துக்கு எவ்வளவு முந்தியது அல்லது பிந்தியது என்னும் வேறுபாடு இன்னொன்று. அந்த வேறுபாடு எப்போது எப்படி மாறும் என்னும் விதி மூன்றாவது. இம்மூன்றையும் ‘நேர மண்டலம்’ விழுங்கிவிடுகிறது. கீழக்கரையில் துபாய்க்குப் பேசும் ஒரு தாயாரிடம் கேட்டுப் பாருங்கள்: ‘அவுகளுக்கு நம்மளவிட ஒன்றரை மணி பிந்தி’ என்று துல்லியமாகச் சொல்வார். வேறுபாட்டுக்கு நம் பேச்சுவழக்கிலேயே முந்தி, பிந்தி என்ற இரண்டு அழகான சொற்கள் இருக்கின்றன. பாடக் குறிப்பு எழுதியவருக்கு அவை எட்டவில்லை.

வலயத்தை நான் ஏற்பதற்குக் காரணம் வழக்கு. இலங்கைத் தமிழில் கல்வி வலயம், வலயக் கல்விப் பணிப்பாளர், உயர் பாதுகாப்பு வலயம் என்று, நிருவாகம் கோடு கிழித்து வகுத்த பகுதிக்கே அச்சொல் நிலைபெற்றுவிட்டது. ஆணையால் பிறந்து ஆணையால் மாறும் எல்லைக்கு அதைவிடப் பொருத்தமான சொல்லை நான் காணவில்லை. கச்சை என்ற மூலப்பொருளைப் பிடித்துக்கொண்டு ‘நேரப் பட்டை’ என்பாரும் இருக்கலாம். பட்டை என்றால் உலக உருண்டையை 15 பாகைக்கு ஒன்றாக 24 கீற்றுகளாக நறுக்கிய படமே மனத்தில் எழும். ஐந்தே முக்கால் மணி முந்திய நேபாளமும், அவ்வளவு அகன்ற நிலத்துக்கும் ஒரே மணி வைத்திருக்கும் சீனாவும் அந்தப் படத்தில் அடங்கமாட்டா.

இனி ‘மாற்றம்’. நேர மண்டல மாற்றம் என்பது தொகை, அதாவது வேற்றுமை உருபு மறைந்து நிற்கும் தொடர். மண்டலத்தை மாற்றுதல் என்று இரண்டாம் வேற்றுமையாகவும் விரியும். மண்டலத்தில் நேரும் மாற்றம் என்று ஏழாம் வேற்றுமையாகவும் விரியும். என் மாணவர்கள் முதல் வகையில் விரித்தார்கள், குறிப்பு எழுதியவர் இரண்டாம் வகையை நினைத்தார். செய்யுளில் தொகை இருபொருள் தந்தால் அது நயம். செயல்முறைக் குறிப்பில் தந்தால் பிழை. மொழிபெயர்ப்பவர் ஆங்கிலத்துப் பெயர் அடுக்கைப் பார்த்துத் தமிழிலும் பெயர்களை அடுக்கிவிட்டுப் போகிறார். உருபை வெளியே எடுத்து எழுதினால் ஒரு சொல் கூடும், ஐயம் போகும். கைப்பேசியிலும் வங்கிச் செயலியிலும் இன்று காணும் தமிழில் பாதி இந்த உருபில்லாத அடுக்குகளே என்பது பல நாளாக என்னை வருத்துகிறது.

சில நாடுகளில் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அது முடிந்ததும் பின்னே வைப்பார்கள். இப்படி ஒரு வலயத்துக்குள் நேரும் மாற்றத்தைச் சோதிப்பது எப்படி? அன்றாடப் பணி நடக்கும் சர்வரைத் தொடக்கூடாது. தனிக் கணினியில் செய்ய வேண்டும். அதில் மணியைத் தானாகச் சரிசெய்யும் சேவையை முதலில் நிறுத்தாவிட்டால், நாம் வைக்கும் மணியை அது உடனே திருத்திவிடும். பிறகு மாற்றம் நிகழும் நொடிக்குச் சில நிமிடம் முன்னதாகக் கடிகாரத்தை வைத்து, அந்த நொடியைக் கடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். முன்னே தள்ளும் நாளில் ஒரு மணி நேரம் இல்லாமலே போகும். அந்த மணிக்குத் திட்டமிட்ட பணி என்னவாகிறது? பின்னே தள்ளும் நாளில் ஒரு மணி நேரம் இருமுறை வரும். பதிவேடு எதை முதலாவது என்று கொள்கிறது? இயங்குதளத்தின் நேரத் தரவைப் புதுப்பித்தால் போதாது. ஜாவா என்னும் நிரல்மொழி தனக்கெனத் தனித் தரவு வைத்திருக்கிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் பழைய விதியையே பிடித்துக்கொண்டிருக்கலாம், அவற்றை நிறுத்தித் தொடங்க வேண்டும். விதி மாறிய பின்னும் பழைய தேதிகளின் மணி மாறாமல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 2006க்கு முந்தைய கொழும்புத் தேதிகளை நான் இதற்குத்தான் கொடுப்பது வழக்கம்.

அமைப்புகளில் ஊரை மாற்றிப் பார்ப்பது இவற்றில் ஒன்றையும் தொடாது. என் பழைய மாணவர் ஒருவர் சேர்ந்த நிறுவனத்தில், லண்டன் கடையொன்றின் பணியாளர் நேரத்தைக் கணக்கிடும் நிரலை அப்படித்தான் சோதித்துக் கொடுத்தார்கள். அங்கே அக்டோபரின் கடைசி ஞாயிறு விடியற்காலை இரண்டு மணியை ஒரு மணியாகத் திருப்பி வைப்பார்கள். முந்தின இரவு பத்து மணிக்கு வேலைக்கு வந்து காலை ஆறு மணிக்குப் போனவர் ஒன்பது மணி நேரம் உழைத்திருப்பார். நிரல் எட்டு என்று எழுதியது. ஒரு மணி நேரக் கூலியை இழந்தவர்களுக்கு அது சிறு தொகையன்று.

அந்தப் பருவ மாற்றத்துக்கு வழங்கும் ‘பகலொளி சேமிப்பு நேரம்’ என்பதையும் விட்டுவிடலாம். சேமிப்பு என்றால் தமிழருக்குக் கையில் ஏதோ மிஞ்ச வேண்டும். இதில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. கோடைக்கால நேரம் என்றால் போதும். எகிப்து 2023இல் அதை மீண்டும் கொண்டுவந்தது. அது விதி மாற்றம். அங்கே ஒவ்வோர் ஆண்டும் கடிகாரத்தைத் தள்ளி வைப்பது பருவ மாற்றம். கெய்ரோவிலிருந்து ஒருவர் துபாய்க்குப் போவது வலயம் மாறுதல். மூன்றுக்கும் சோதனை வேறு.

பாடக் குறிப்பில் அந்த வரியை அடித்துவிட்டு, நான் கையால் எழுதி ஒட்டியிருப்பது இது: ‘பயனர் ஒரு நேர வலயத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது நிரல் காட்டும் மணியைச் சோதிக்கவும். அதே வலயத்தில் கோடைக்கால நேரம் தொடங்கும் இரவையும் முடியும் இரவையும் கடக்கவிட்டுச் சோதிக்கவும். அந்த வலயத்தின் நேர விதியை அரசு மாற்றினால், ஏற்கெனவே பதிந்து வைத்த பழைய தேதிகளும் வரவிருக்கும் தேதிகளும் சரியாக நிற்கின்றனவா என்று சோதிக்கவும்.’